உச்சந்தலை வரைந்த கொழுந்தன்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சிமெண்டில் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. மும்பையிலிருந்து வந்தால் என் கொழுந்தன் செய்கிற முதல் வேலை, பையை ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், எறிந்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தொட்டி மேல் ஏறுவதுதான். கீழே மாடு கன்று போடட்டும், பால் சொசைட்டி வண்டி வந்து ஹாரன் அடிக்கட்டும், அவன் இறங்க மாட்டான். சோறு ஆறிப் போகிறது என்று நான் கீழே நின்று கத்தினால், "சித்தெ இருங்க நங்கையா, இந்த நெழலு நகந்துட்டா போச்சு" என்பான். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் மீனாட்சிபுரத்தில் படித்துவிட்டு வெளியூர் போன பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். படம் வரைந்தே பிழைக்கப் போனவன் இவன் ஒருத்தன்தான். அதனால் ஊருக்கே இவன் மேல் ஒரு கண். தொட்டி மேல் ஏறிய மூன்றாவது நாளோ நாலாவது நாளோ பக்கத்து வீட்டு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? உங்க கொழுந்தனாரு நாளு பூரா மேல குக்கீட்டு எங்கூட்டுப் பொடக்காளியவே பாத்துட்டிருக்கறாரு. ஒரு பொம்பள தலைக்குத் தண்ணி வாத்துக்கறதா வேண்டாமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தம்பி, எறங்கி வாரியா, நா ஏறி வரட்டுமா?" என்று சத்தம் போட்டேன். அன்றைக்கு மட்டும் சொன்னவுடன் இறங்கினான். கையில் ஒரு காகிதம். "இதத்தானுங்கக்கா வரஞ்சேன்" என்று அந்த அம்மாளிடமே நீட்டினான்.

அவருடைய கொல்லைப்புறம்தான். ஆனால் மேலேயிருந்து பார்த்த கொல்லைப்புறம். சாக்கில் காய்கிற மிளகாய் சிவப்பாக ஒரு கட்டம். கிணற்று வட்டம், துவைக்கிற கல், தென்னை ஓலை நிழல், அதற்குள் நாலைந்து கோழிகள். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்கூடு இத்தன லச்சணமாவா இருக்குது?" என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், "இதுல நா எங்கீங்க தம்பி?"

"இந்தா, கெணத்தோரமா நிக்கறீங்களே." விரலால் தொட்டுக் காட்டினான். கறுப்பாக ஒரு வட்டம், அதன் ஓரத்தில் பூ வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல்.

"நா புள்ளியா? இத்தன வருசமா இந்த ஊருல குடியிருக்கறேன், நா வெறும் புள்ளியா?"

போச்சு. குளிக்கிற இடத்தை எட்டிப் பார்த்தான் என்று வந்த சண்டை அதோடு முடிந்தது, புள்ளியாக வரைந்தான் என்று புதுச் சண்டை ஆரம்பித்தது. ரொம்ப நாள் அந்த அக்கா எங்கள் வீட்டில் மோர் வாங்கவில்லை.

அவனுக்கு முகம் வரையத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கோபாலபுரத்திலிருந்து நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். வந்த வாரத்திலேயே கட்டுத்தரைச் சுவரில், அதாவது மாடு கட்டுகிற கொட்டகையின் சுவரில், அடுப்புக் கரியால் என்னை வரைந்து வைத்திருந்தான். புருவத்தை நெரித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிரில் நிற்கிறவனை அடிக்கப் போகிறவளாக நான். பார்த்ததும் சுர்ரென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அச்சு அசலா நீதான்" என்று சிரித்தார், அதில் இன்னும் கோபம் வந்தது. பிறகு யாரும் இல்லாதபோது போய் நின்று பார்த்தேன். நான்தான். என்னை அவ்வளவு கவனித்து யாரும் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவே நான் விடவில்லை, மழைதான் அழித்தது.

அப்படி வரைந்தவனைப் பட்டணம் என்ன செய்தது என்பதைத்தான் நான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் எப்படி வரும் என்பது அவன் கையில் இல்லை, அவன் குடியிருக்கிற அறையின் ஜன்னலில் இருந்தது.

முதலில் சென்னை. ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது, ஒரு கடையின் கீழே சாமான் போட்டு வைக்கிற அறையை மூன்று பையன்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதன் ஜன்னல் தெருத் தரை மட்டத்தில் இருக்குமாம். அதன் வழியாகத் தெரிவது கால்கள் மட்டும்தான். அந்த வருடங்களில் அவன் வரைந்ததெல்லாம் கால். அறுந்த செருப்பு, கொலுசு, வெடித்த குதிகால், சைக்கிள் சக்கரம், தெரு நாயின் வயிறு. லீவுக்கு வரும்போது கட்டாகக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினான். மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, அந்த ஊருல மனுசங்களுக்குக் காலுக்கு மேல ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம் மும்பை. ஒரு கல்யாணத்துக்காக நானும் எங்கள் வீட்டுக்காரரும் அங்கே போனபோது அவன் அறையில் ஒரு நாள் தங்கினோம். குடிசைகளை இடித்துவிட்டு அங்கிருந்தவர்களுக்காக உயரமாகக் கட்டிக் கொடுத்த கட்டடம். யாரோ ஒருவர் தனக்குக் கிடைத்த வீட்டில் பாதியை இவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எத்தனையாவது மாடி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, லிஃப்ட் மேலே போகப் போகக் காது அடைத்தது. அறையில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், பெயிண்ட் வாடை, ஒரு ஜன்னல். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நீலத் தார்ப்பாய்க் கூரைகள், கூரை மேல் டயர்கள், சந்துகளில் குடைகள், குடைகளுக்கு நடுவே தலைகள். மேலும் தலைகள். அவன் படங்களிலும் அதேதான்.

"எல்லாப் படத்தையும் ஏன் துண்டு துண்டா வரையறே? ஒரே துணியில வரஞ்சா என்ன?" என்று கேட்டேன். சுவர் முழுக்க ஒரே காட்சியை ஜமக்காள அளவுத் துண்டுகளாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தான்.

"லிஃப்டுல போகோணுமுங்களே நங்கையா. அதுக்கு மேல அகலமாப் போட்டா கதவு மூடாது. எம்படத்துக்கு அளவெடுக்கறது நானில்லீங்க, அந்த லிஃப்டுதான்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. தோட்டம் துரவு, மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் பொள்ளாச்சி வரை தென்னை என்று வளர்ந்த பையன் ஒரு லிஃப்டுக்குள் அடங்குகிற மாதிரி வரைகிறானே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் படங்கள் நன்றாக இருந்தன. பார்க்கப் பார்க்க உள்ளே இழுத்தன. அதனால்தான் அவனுக்குப் பெயர் வந்தது, பேப்பரில் எழுதினார்கள், கொச்சியில் ஒரு கண்காட்சிக்கும் கூப்பிட்டார்கள்.

கொச்சி என்றதும் மாமனார் கிளம்பிவிட்டார், நானும் கூடப் போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. உள்ளே போனால் எதிர்ச் சுவர் முழுக்க எங்கள் கட்டுத்தரை. தொட்டி மேல் உட்கார்ந்து பார்த்ததை மும்பையில் போய்த் துண்டு துண்டாகப் பெரிதாக வரைந்திருந்தான். தொழுவத்துக்குக் கூரையே இல்லாத மாதிரி, வரிசையாக எங்கள் மாடுகளின் முதுகுகள். மாமா ஒவ்வொரு மாட்டையும் அடையாளம் சொன்னார். "இது காரி, இது செவல, இது பொள்ளாச்சி சந்தையில புடிச்சுட்டு வந்தது" என்று விரல் நீட்டிக்கொண்டே போனவர், ஒரு மாட்டின் முன் நின்றுவிட்டார். முகம் மாறிவிட்டது.

பக்கத்தில் ஒரு மலையாளத்து அம்மாள், பெரிய இடம், அந்தப் படத்தை வாங்குவதாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மாமா நேராக அவரிடம் போனார். அவருக்கு வந்த மலையாளத்தில், "ஈ படம் வேண்டா மேடம். மூணாமத்தெ பசு சரியில்லா. வீட்டில் வெச்சா ஐஸ்வர்யம் போகும்" என்றார்.

அந்த அம்மாள் திகைத்துப் போனார். எனக்கோ எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. விஷயம் இதுதான். அந்த மாட்டின் முதுகில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மயிர்ச் சுழி வரைந்திருந்தான். அதற்குப் பாடைச் சுழி என்று பெயர். அந்தச் சுழி உள்ள மாட்டை வாங்கினால் வாங்கினவன் வீட்டில் பாடை கட்ட வேண்டி வரும் என்று எங்கள் பக்கம் சந்தையில் யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். விற்கிறவன் சாணியைப் பூசி மறைத்துப் பார்ப்பான்.

"ஏண்டா, நம்ம கட்டுத்தரையில இந்தச் சுழி எந்த மாட்டுக்குடா இருக்குது?"

"எதுக்குமில்லீங்கப்பா. அந்த எடம் வெறிச்சுனு இருந்துச்சு. அழகுக்கு ரெண்டு சுழி போட்டேன்."

"அழகுக்கா? பாடைச் சுழி அழகுக்கா?" மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி, மாட்டுக்காரன் பொறப்பு இது. இத மறக்க வெச்சிருக்குது பாரு அந்த ஊரு."

அந்த அம்மாள் படத்தை வாங்கவில்லை. வேறொருவர் வாங்கினார், அவருக்குச் சுழி பற்றி ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போது கொழுந்தனும் எங்களோடு காரில் வந்தான். ஆலத்தூர் தாண்டியதும் மாமா அவனிடம் சொன்னார்.

"மாட்டையெல்லாம் வரஞ்சுட்டே. ஊருல இருக்கற தலையெல்லாம் வரஞ்சுட்டே. என்னைய ஒண்ணு வரஞ்சு குடுடா. மூஞ்சிய."

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மாமியார் போனபோது நல்ல போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பொள்ளாச்சி ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். அவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நீலப் பட்டுச் சேலை உடுத்தி, ஜிமிக்கி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமியார் ஜிமிக்கியே போட்டதில்லை. கண் இரண்டும் பயந்து முழிக்கும். ஆசாரத்தில் அந்தப் படத்துக்கு நேரே உட்கார மாட்டார் மாமா. "பஞ்சாயத்து ஆபீசுல திட்டு வாங்குனவளாட்ட இருக்கறா. இவ உங்க அத்தையே இல்ல அம்மிணி, எவளோ" என்பார். தன்னையும் அப்படி எவனோ ஒருவனாக மாட்டிவிடுவார்களோ என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம். மகன் வரைந்தால் தான் தானாகவே சுவரில் இருக்கலாம் என்ற ஆசை.

கொழுந்தன் "சரிங்கப்பா" என்றான். சொன்னதோடு சரி. அடுத்த முறை வந்தபோது மாமா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இவன் வெளிச்சம் சரியில்லை என்றான். அதற்கடுத்த முறை, பிரஷ் கொண்டுவரவில்லை என்றான். அதற்கும் அடுத்த முறை சொல்லாமலே தொட்டி மேல் ஏறிவிட்டான். மாமா வெயிலில் வேர்த்துச் சட்டை நனைய உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஏணியில் ஏறிப் போய்க் கேட்டேன். "ஊரான் ஊட்டு மொளகாய வரையத் தெரியுது. பெத்தவரு மூஞ்சி மட்டும் கசக்குதா உனக்கு?"  முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சில மாதம் கழித்துக் கூரியரில் ஒரு படம் வந்தது. அட்டையைப் பிரித்தோம். மாமாதான், சந்தேகமில்லை. ஆனால் மேலேயிருந்து. வெள்ளை மயிர் சுற்றிய உச்சந்தலை, தோள் இரண்டும், தோளில் மடித்த துண்டு, வெளியே நீட்டிக்கொண்டு செருப்பில்லாத இரண்டு கால் பெருவிரல். அவ்வளவுதான். அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள். ஒரு பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "இதக் கொண்டாந்து சொவத்துல மாட்டீராதீங்க. மேலிருந்து பாக்கறது செத்தவங்கதானுங்களே" என்று சொல்லிவிட்டார். அட கெரகமே என்று நான் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

 மாமா என் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"என்ற மூஞ்சி எங்கடா?"

"மேல இருந்து பாத்தா அவ்வளவுதானுங்கப்பா தெரியுது."

"அப்ப எறங்கி வாடா."

போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அவன் வந்தான். இந்த முறை தொட்டி மேல் ஏறவில்லை. காலைப் பால் கறந்து முடித்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்த பிறகு, கட்டுத்தரையில் கயிற்றுக் கட்டிலில் மாமா உட்கார்ந்தார். எதிரில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இவன். மடியில் அட்டை, கையில் கரிக்கோல். நான் நாலு எட்டுத் தள்ளித் தீவனப்புல் நறுக்கிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று பாவனை செய்தேன், உண்மையில் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை ஓடவில்லை அவனுக்கு. தலையைத் தூக்குவான், மாமாவின் கண்ணைப் பார்ப்பான், உடனே தரையைப் பார்ப்பான். திரும்பத் திரும்ப இதே. காகிதத்தில் ஒரு கோடு விழவில்லை. வேர்த்து ஒழுகியது.

"என்றா, என்ற மூஞ்சி பேயாட்டவா இருக்குது?"

"இல்லீங்கப்பா."

"பின்ன?"

அவன் கரிக்கோலைக் கீழே வைத்தான். அப்புறம் சொன்னான். "அங்க ஆரு மூஞ்சியும் பாக்கக்கூடாதுங்கப்பா. ரயில்ல பாக்கக்கூடாது, லிஃப்டுல பாக்கக்கூடாது. போன புதுசுல பாத்து வரைவேன். ஒருத்தரு என்ன வேணும்னு கேட்டுச் சட்டையப் புடிச்சுட்டாரு. ஒரு பொம்பள போலீசுகிட்டப் போறேன்னுச்சு. நா பாத்தா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. என்னையும் ஆரும் பாக்க மாட்டாங்க. மேல ஜன்னல்ல நின்னா எத்தன நேரம் வேணும்னாலும் பாக்கலாம், ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அப்படியே பழகிருச்சுங்கப்பா. இப்ப கிட்டக்க ஒரு மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது. உங்க மூஞ்சியும்தான்."

எனக்குக் கையில் அரிவாள் நின்றுவிட்டது. கசக்குதா என்று கேட்டேனே பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்படிக் கேட்டிருப்பேனா? பேர் வாங்கிவிட்டான், பேப்பரில் வருகிறான் என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்த நாளெல்லாம் பையன் அங்கே ஆளோடு ஆளாக நிற்கப் பயந்துகொண்டு ஜன்னலில் நின்றிருக்கிறான்.

மாமா துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு முழங்காலில் கையை ஊன்றி, முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

"பாரு சாமி. நல்லாப் பாரு. நா ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அன்றைக்கு வரைய ஆரம்பித்தவன் அந்த வாரம் பூராவும் வரைந்தான். கிழித்துக் கிழித்துப் போட்டான். மாமா பல் குச்சியோடும், மாட்டுக் கயிற்றோடும், சில சமயம் தூங்கிக்கொண்டும் எதிரில் இருந்தார். கடைசியில் ஒன்று வந்தது. அழகான படம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கண் பெரிசு. மூக்கு ஒரு பக்கமாகப் போகிறது. அவனுடைய கண்காட்சிக்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் அதில் மாமா பார்க்கிறார். எதிரில் உட்கார்ந்திருப்பவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கப் போகிறவராகப் பார்க்கிறார்.

மாமா கையை நீட்டி வாங்கி, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தார். "காது காளைக் கன்னுக் காதாட்டம் இருக்குது" என்றார். "போச்சாது, இருந்துட்டுப் போவுது. நானேதான்." அவரே ஆணி அடித்து ஆசாரத்தில் மாட்டினார்.

அவன் மும்பைக்கே திரும்பிப் போனான். அதே கட்டடம், அதே ஜன்னல். அவனுடைய பிழைப்பு அங்கேதான் இருக்கிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கம் வந்து நாளாகிறது. போன மாதம் புதிதாக முடித்த படம் ஒன்றை என் போனுக்கு அனுப்பினான். ரயில் நிலையத்துப் படிக்கட்டு. வழக்கம்போல மேலேயிருந்து. எள் போட்டால் எள் விழாது, அவ்வளவு தலை. மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் கொண்டுபோய், விரலால் படத்தைப் பெரிசு பண்ணிக் காட்டிக்கொண்டே வந்தேன்.

"நிறுத்து அம்மிணி. இதென்ன?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். அத்தனை உச்சந்தலைகளுக்கு நடுவில் ஒரே ஒரு முகம். யாரோ ஓர் ஆள், தலையில் ஏதோ மூட்டை, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, நின்று, அண்ணாந்து, மேலேயிருந்து வரைகிறவனை நேராகப் பார்க்கிறார்.

"உங்களத்தான் வரஞ்சிருக்கறாப்பலயா மாமா?" என்று கேட்டேன்.

"நா எங்க அங்க போனேன்? இது வேற ஆரோ." போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"போவுது அம்மிணி. அந்த ஊருல ஒருத்தனாச்சும் என்ற பையன நிமிந்து பாத்துட்டான்."